ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு பள்ளம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகரக் கூரைக்கடியில்
வண்டியைப் பட்டை போட்டு இறுக்கினாள் பெலிசித்தா.
முன்சக்கரத்துக்குக் கவ்வி, பின்சக்கரத்துக்கு உருளை.
நின்ற இடத்திலேயே நூற்றுப்பத்து போனது வண்டி.
சுவர் நாள்காட்டி மட்டும் படபடத்தது.

கடலூர் சிப்காட் வாசலில் எடைமேடை பார்ப்பவன் நான்.
எண்ணோடு சண்டைக்கு வரும் லாரிக்காரர்களிடம்
ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்:
மேடைக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது.
அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.
தாளை நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

பதினெட்டு புள்ளி ஒன்று.

நெல்லித்தோப்பில் சைலன்சர் விற்றவன்
நாலு குதிரை கூடும் என்று கையில் அடித்துச் சொன்னான்.
கூம்பு ஃபில்டர், பெரிய ஜெட், அந்தக் குழாய்
எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம்.
இதே மாடலில் கை படாத வண்டியொன்றின் தாள்
அவள் கோப்பில் இருந்தது: பதினேழு புள்ளி மூன்று.
நாலில் வந்தது ஒன்று.
அதற்கும் வால் இல்லை.

அடியில் பொடி எழுத்தில் இன்னோர் எண். பதினேழு புள்ளி நாலு.
"உள்ளபடி அளந்தது அதுதான்.
இன்னிக்கு முப்பத்துநாலு டிகிரி, ஈரம் எழுபத்தொண்ணு.
நல்ல காத்தா இருந்தா எவ்ளோ வரும்னு
கணக்குப் போட்டுக் கூட்டித் தரும் மெஷின்.
அப்பதான் ஒரு தாளை இன்னொண்ணோட வச்சுப் பாக்கலாம்."
புரிந்தது. பண்ருட்டிக் கொட்டைக்கு ஈரத்துக்காகக் கழிப்பார்கள்,
இங்கே ஈரத்துக்காகக் கூட்டுகிறார்கள்.
ஆனால் அந்த நல்ல காற்று எங்கள் ஊரில் எப்போது வீசும்?
மார்கழியில் ரெண்டு விடியல்.
அப்போது எனக்கு நைட் ஷிஃப்ட்.

முறுக்குவிசை நீலம், குதிரைத்திறன் சிவப்பு.
ஐயாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டில்
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.
வண்டியின் உயிர்நிலை இதுதானா என்று கேட்டேன்.
சிரித்தாள். அடி-பவுண்டில் போட்டால்
எந்த வண்டிக்கும் அங்கேதான் வெட்டும், வெறும் வகுத்தல் கணக்கு.
"பாக்க வேண்டியது அதுக்கு இந்தப் பக்கம்."

பென்சில் முனை தொட்ட இடம் நாலாயிரத்து இருநூறு.
மழைக்காலச் சாலைபோல் அங்கே இறங்கிய நீலம்
ஐயாயிரத்தில்தான் ஏறியது.
கீழே கலவைக் கோடு பதினைந்தரையில்.
காற்று ஏராளம், பெட்ரோல் பட்டினி.

எனக்கு அந்த இடம் தெரியும்.
டாப் கியர், அறுபத்தெட்டு.
ரெட்டிச்சாவடி தாண்டி முன்னால் பஸ், எதிரில் தொலைவில் ஒரு வெளிச்சம்.
முறுக்குவேன். ஒரு கணம் ஒன்றுமே இல்லை.
வலப்பக்கம் எட்டிப் பார்த்த தலையை
உள்ளே இழுத்துக்கொண்டு பின்னாலேயே வருவேன்.
ஆறு மாதமாக.
பிள்ளை பிறந்ததும் பயந்துட்டே என்றான் இம்தியாஸ்.
நானும் அப்படித்தான் நினைத்து
யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன்.
இப்போது அது நீல மசியில், கட்டம் போட்ட தாளில்
யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி.

கார்புரேட்டர் ஊசிக்கு அடியில்
அரை மில்லி வாஷர் ஒன்று வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.
மறுபடி ஓட்டம். மறுபடி நாள்காட்டி.
பள்ளம் முக்கால்வாசி தூர்ந்திருந்தது.
மிச்சம் குழாயோட குணம், கழற்றினால்தான் போகும் என்றாள்.
உச்சம் பதினெட்டுக்கு இறங்கியதை
நான்தான் பார்த்தேன், அவள் பொருட்படுத்தவே இல்லை.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில்.
முன்னால் பஸ்.
அறுபத்தெட்டு. முறுக்கினேன்.
இழுத்தது. கேட்ட நொடியே இழுத்தது.
எதிரே சாலை காலி, ஒரு நாய்கூட இல்லை.

கையைத் தளர்த்தினேன்.

பஸ்ஸின் புகையில் கடலூர் வரை வந்தேன்.
தாள் சட்டைக்குள் மடிந்து வியர்வையில் ஊறியது.
சரக்கை இறக்கிய பின்னும்
லாரிக்கென்று ஒரு எடை மேடையில் நிற்கும்.
அதற்கும் சீட்டுப் போட்டுத்தான் அனுப்புவோம்.